பயிர் நடுவே வைத்த விளக்கு

விட்டில் பூச்சி விளக்கைத் தேடி ஏன் வருகிறது என்பது அந்த நாளில் உலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாதாம். போன மாதம் என் தம்பி மகன் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். இப்போதுதான் ஓரளவு பிடிபட்டிருக்கிறதாம். பூச்சிக்கு வெளிச்சத்தின்மேல் ஆசையும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. இருட்டில் எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பறப்பது அதன் பழக்கம். வெளுத்த பக்கம்தான் வானம் என்று அதற்கு நினைப்பு. நடுவில் நாம் ஒரு விளக்கைக் கொண்டுபோய் வைத்தால், அதற்கு முதுகைத் திருப்பித் திருப்பி, மேல் எது கீழ் எது என்று தெரியாமல் அங்கேயே சுற்றுகிறதாம். காமிரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"அப்போ இதுக்கு முன்னாடி யாருக்குமே தெரியாதாடா?" என்று கேட்டேன்.

"யாருக்குமே தெரியாது அத்தே. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிகினு இருந்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைச் சிரிப்பு என்று சொன்னால் பொய். வயிற்றெரிச்சல். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத காலத்தில் திருத்தணியில் ஒரே ஒரு மனுஷருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பதில் இல்லை, ஐந்தாறு பதில் தெரிந்திருந்தது. அவருக்குக் கீழே நான் மூன்று வருஷம் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? எங்கள் ஆபீஸின் பெயரும் வேண்டாம். எழுபதுகளில் சென்னையில் இருந்த ஒரு தரும ஸ்தாபனம், விவசாயிகளுக்கு யோசனை சொல்கிறேன் என்று திருத்தணியில் ஒரு நிலையம் திறந்திருந்தது. நிலையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மலைக்குப் போகிற வழியில் ஒரு மாடி அறை, கீழே மொட்டைத் தலைக்குச் சந்தனம் விற்கிற கடை. மேலே இரண்டு மேஜை, ஒரு டைப்ரைட்டர். ஊர் ஊராகப் போய் வயலைப் பார்த்து யோசனை சொல்கிறவர் அவர். அவர் சொன்னதைக் காகிதத்தில் ஏற்றுகிறவள் நான். வேறு ஆள் கிடையாது. நான் தினமும் பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவேன். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தறி வேலை. இந்தக் கதை நடந்தபோது எட்டு மாதமாக அவருக்கு நெஞ்சு சளி கட்டிக்கொண்டு பாதி நாள் தறியில் உட்கார முடியவில்லை. வேலை நிரந்தரமாகவில்லை எனக்கு. ஆகவேண்டுமென்றால் அவர் ஒரு வார்த்தை எழுதவேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மழை விட்டு அரைமணி ஆகியிருக்கும். டியூப்லைட்டைப் போட்டதுதான் தாமதம், எங்கிருந்துதான் வந்தனவோ, ஈசலும் விட்டிலும் பச்சைப் பூச்சியுமாக டைப்ரைட்டர்மேல் கொட்டின. ஒரு எழுத்தைத் தட்டினால் ஒரு பூச்சி நசுங்குகிறது. காகிதம் முழுக்கக் கறை. எரிச்சலில், "இந்த சனியனுங்க ஏன் சார் வெளக்குலயே வந்து வுழுதுங்க?" என்று கேட்டுவிட்டேன். பதில் வேண்டி யாராவது அப்படிக் கேட்பார்களா?

அவர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து கேள்வி முடியவில்லை, ஆள்காட்டி விரல் மேலே போய்விட்டது. "அது ஒண்ணுமில்லம்மா, சிம்பிள். நிலான்னு நெனச்சிகினு வருது. நிலாவ பாத்துதான் அதுங்க வழி கண்டுபிடிக்கும். டியூப்லைட்ட பாத்து ஏமாந்துபூடுது."

அடேயப்பா, எவ்வளவு தெரிந்தவர் என்று வாயைப் பிளந்தேன். அடுத்த வாரம் கீழே டீக்கடைக்காரர் அதையே கேட்டார். "குளிரும்பா அதுக்கு. சூட்டுக்கு வருது. சிம்பிள்" என்றார் அவரிடம். பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்காரர், தறிமேல் தொங்குகிற பல்புக்கு வந்து பாவு நூலில் பூச்சி ஒட்டிக்கொள்கிறது, லுங்கியோடு சேர்ந்து நெய்துவிடுகிறோம் என்று வருத்தப்பட்டார். "பொம்பள பூச்சி வாசனையும் பல்பு சூடும் ஒண்ணு மாதிரி இருக்கும். ஆம்பள பூச்சி ஏமாந்து வருது" என்று சொல்லி அந்த மனுஷரை வெட்கப்பட வைத்துவிட்டு வந்தார். மலையேறிப் போன ஒரு சாமியாரிடம், அது போன ஜென்மத்து வாசனை என்றும் சொல்லியிருக்கிறார். நான் காதால் கேட்டேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன். "அன்னைக்கு எங்கிட்ட நிலான்னு சொன்னீங்களே சார்?"

ஒரு கண்சிமிட்டல்கூட இல்லை. "அது வேற பூச்சி, இது வேற பூச்சி."

இதுதான் அவர். தெரியாது என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து மூன்று வருஷத்தில் ஒருதரம் வந்து நான் கேட்டதில்லை. மணி கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கும் முன்பே சொல்வார். மழை வருமா, வரும். எத்தனை மணிக்கு, நாலு மணிக்கு. பசு ஏன் சினை பிடிக்கவில்லை, மாங்காய் ஏன் பிஞ்சிலேயே உதிர்கிறது, சித்தூர் கலெக்டர் யார், எல்லாவற்றுக்கும் விரல் மேலே போகும். பாதி சரியாக இருக்கும். அதுதான் வம்பே. முழுக்கத் தப்பாக இருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும்.

ஆடிக் கிருத்திகை சமயம். ஊர் கொள்ளாத கூட்டம். தெலுங்குக்காரக் குடும்பம் ஒன்று, புருஷன் பெண்டாட்டி மூன்று பிள்ளைகள், எல்லாருக்கும் மொட்டை, கையில் காவடி. நகரி பஸ் எங்கே நிற்கும் என்று எங்கள் வாசலில் கேட்டார்கள். திருவிழாவுக்காக பஸ்ஸையெல்லாம் இடம் மாற்றிவிட்டிருந்தார்கள், எங்கே என்று எனக்கே தெரியாது. நான் விசாரித்துச் சொல்கிறேன் என்று வாய் திறப்பதற்குள் அவர் தெலுங்கிலேயே வழி சொல்லி, கையைக் காட்டி அனுப்பியும்விட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வரும்போது பார்க்கிறேன், அவர் காட்டிய மூலையில் அந்தக் குடும்பம் வெயிலில் நிற்கிறது. சின்னது அழுது அழுது தூங்கிப்போயிருந்தது. நானே கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டு வந்து அவரிடம் சொன்னேன்.

"பஸ்ஸ மாத்திட்டானுங்கம்மா" என்றார். "நான் சொன்ன எடம் கரெக்ட்டு. அவனுங்க மாத்திட்டானுங்க."

கோபம் வரவில்லை எனக்கு, சிரித்தேன். அப்போதெல்லாம் அவர்மேல் பிரியம்தான். நியாயமாகச் சொல்லவேண்டும், அவரைப்போல் உழைக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. சித்திரை வெயிலில் சைக்கிளில் கே.ஜி.கண்டிகை தாண்டிப் போவார், தண்ணீர்கூடக் கேட்கமாட்டார். யார் வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். அதற்குமுன் அந்த ஜனங்கள் வயலை வந்து எட்டிப் பார்த்த படித்த ஆள் கிடையாது. மண்ணை எடுத்துக் கையில் தேய்த்து, முகர்ந்து பார்த்து, "ஆங், சரி, இது இப்படி" என்று ஒருவர் சொன்னால் அவர்களுக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். சொன்னது பலித்ததா என்று பிறகு யார் பார்க்கிறார்கள்? என் நைனாவின் இருமலுக்கும் அவர்தான் ஒரு டாக்டரைச் சொன்னார். அது, நாள் கழித்தாவது, பலித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒருதரம் நல்ல மனநிலையில் இருந்தபோது கேட்டேன், "ஒரே ஒருவாட்டி தெரியலன்னு சொன்னா இன்னா சார் ஆயிடும்?"

அன்றைக்கு விரல் மேலே போகவில்லை. மேஜைமேல் கிடந்த குண்டூசிகளை ஒன்றாகக் குவித்தார். "எங்க அப்பா ஒருத்தர் வீட்ல பண்ணையாளு. அவரு வாயில வேற வார்த்தையே வராது. எது கேட்டாலும் தெரியாதுங்க, தெரியாதுங்க. கேட்டவனெல்லாம் சிரிப்பான். நான் பக்கத்துல நின்னுகினு இருப்பேன்." "தெரியாதுன்னு சொன்னவனுக்கு எவன்மா நாற்காலி போட்டான்?"

அன்று பஸ்ஸில் போகும்போது அதை நினைத்துக் கண் கலங்கிவிட்டது. இப்போதும் அந்த ஒரு சாயங்காலத்துக்காக அவரை முழுசாக வெறுக்க முடியவில்லை. வெறுத்துத் தொலைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கன்னியம்மா கதைக்கு வருகிறேன். கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டி ஓர் ஏக்கர் நஞ்சை. நிலம் அவளுடையது இல்லை. திருத்தணி கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் பண்ணுகிற ஒருவருடையது. கன்னியம்மாவின் புருஷன் வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு கொடுத்து, அதைப் பயிர் செய்துகொண்டிருந்தான். அவன் போய்ச் சேர்ந்தபிறகு இவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும், இரண்டு பெண் குழந்தைகள். நிலத்துக்காரருக்குப் பொம்பளை கையில் நிலம் இருப்பது பிடிக்கவில்லை. "இந்த ஒரு போகம் பாப்பேன். குறைஞ்சுதுன்னா வேற ஆளுக்கு வுட்ருவேன்" என்று சொல்லியிருந்தார். இது ஊருக்கே தெரியும். அந்தப் போகம்தான் அவளுக்கு எல்லாம்.

அந்த வருஷம் நெல்லில் குருத்துப் பூச்சி அதிகம். வைக்கோல் நிறத்தில் ஒரு சின்ன விட்டில் இலைமேல் முட்டை வைக்கும். புழு தண்டுக்குள் போய்த் தின்றுவிடும். கதிர் வெளுத்து வெளியே வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. விட்டில் வெளிச்சத்துக்கு வருமல்லவா, அதனால் வயலில் மூன்று கழியை முக்காலியாக நிறுத்தி, பெட்ரோமாக்ஸ் லைட்டைத் தொங்கவிட்டு, கீழே அகலத் தொட்டியில் தண்ணீரும் கிருஷ்ணாயிலும் ஊற்றிவைத்தால் வந்து விழுந்து சாகும் என்று சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. நான்தான் பிரதி எடுத்தேன். எங்கே வைக்கவேண்டும் என்று அதில் இல்லை. ஸ்தாபனத்தின் தலைவர் சென்னையிலிருந்து ஜீப்பில் வந்து பார்க்கப்போகிறார் என்றும் இருந்தது. ரோட்டோர நிலம் வேண்டும். கன்னியம்மா நிலம் ரோட்டோரம்.

நானும் கூடப் போனேன், குறிப்பு எழுத. கழிகளைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் வயலுக்குள் இறங்கியதுமே கன்னியம்மா வரப்பிலிருந்து கத்தினாள். "சார், சார், உள்ள வேணாம் சார். வரப்புல வெச்சிக்குங்க."

"ஏன்?"

"பயிர் நடுவுல வெளக்கு வெக்க மாட்டோம் சார் நாங்க. கார்த்திகைக்குக்கூட கெணத்து மேட்டுல வெப்போம், குப்பமேட்டுல வெப்போம், வரப்பு மூலையில வெப்போம். பயிருக்குள்ள கொண்டாற மாட்டோம்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தெரியாதுங்க சார். வெக்கக்கூடாதும்பாங்க. ஏன்னு தெரியாது."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"ஏன்னு தெரியாம பண்றதுக்குப் பேருதான் மூடநம்பிக்கை" என்றார். "நடுவுல வெச்சாதான் நாலு பக்கத்துலேந்தும் இழுக்கும். சிம்பிள்."

அவள் விடவில்லை. "வர்றதுங்க எல்லாமே தொட்டியிலயே வுழுந்துடுமா சார்? வுழாதது எங்க போவும்?"

இதைவிடச் சரியான கேள்வியை நான் இன்றுவரை கேட்டதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத பொம்பளை. சுற்றறிக்கை எழுதிய ஆட்களுக்கு அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவர் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். வைத்துப் பார்ப்போம் கன்னிம்மா, எனக்கும் தெரியலை என்று சொல்லியிருக்கலாம். விரல் மேலே போயிற்று.

"வந்தது ஒண்ணுகூடத் திரும்பிப் போவாது. நான் சொல்றேன்."

நான் சொல்றேன் என்று ஒரு படித்தவர் சொன்னபிறகு அவள் என்ன சொல்வாள்? சரிங்க என்றாள்.

ஆறரை மணிக்கு விளக்கு ஏற்றினோம். சுற்றுவட்டாரத்தில் வேறு வெளிச்சமே இல்லை. கால்மணி நேரத்தில் வந்தன பாருங்கள், புகை மாதிரி. பக்கத்து வயல்கள், எதிர் வயல்கள், ரோட்டுக்கு அந்தப் பக்கம், எல்லா இடத்திலிருந்தும். தொட்டி நிறைய நிறைய அவர் கரண்டியால் வாரி வெளியே போட்டார். குழந்தைமாதிரி சந்தோஷம். "எழுதிக்கோம்மா, எழுதிக்கோ" என்று கத்துகிறார். கன்னியம்மாவின் பெண்கள் கைதட்டினார்கள். அவளுக்குமே முகம் மலர்ந்துவிட்டது.

நான் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். விளக்கைச் சுற்றிவந்த பூச்சிகளில் தொட்டியில் விழுந்தது ஒரு பங்கு என்றால், விழாமல் போய்ப் பயிர்மேல் உட்கார்ந்தது இன்னொரு பங்கு. விளக்கடியில், வெளிச்சம் படுகிற இடமெல்லாம், ஒவ்வொரு நெல் தாளிலும் இரண்டு மூன்று. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தன.

"சார், பயிர்மேலயும் உக்காந்துகினு இருக்குதே" என்றேன்.

"அதெல்லாம் மயக்கம்மா. வெளிச்சத்துல மயங்கிடுச்சு. காலையில செத்துக் கெடக்கும் பாரு."

காலையில் நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பத்து நாள் அப்படியே விளக்கு எரிந்தது. தலைவர் ஜீப்பில் வந்தார், தொட்டியில் கிடந்த பூச்சியைப் பார்த்து அசந்துபோனார், எங்கள் சாரை முதுகில் தட்டினார். போட்டோ எடுத்தார்கள். வேறெங்கும் இவ்வளவு பூச்சி விழவில்லையாம். இதைப்பற்றி விரிவாக எழுதி அனுப்பு, உன்னைச் சென்னைக்கே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எங்கள் சார் அப்போதே எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதம் சென்னைக்குப் போயிருந்தது, பதில் வரவில்லை.

கார்த்திகை பாதியில் கதிர் வந்தது. சுற்றிலும் எல்லார் வயலும் பச்சையும் மஞ்சளுமாகத் தலை சாய்ந்து நின்றது. கன்னியம்மா வயலில் முக்காலி நின்ற இடத்தைச் சுற்றி வட்டமாக வெள்ளை. வரப்போரம் மட்டும் கொஞ்சம் தப்பியிருந்தது. பக்கத்து நிலத்துக்காரன் ஒருவன், கிண்டலா நன்றியா என்று தெரியாமல், "உன் வெளக்கு எங்க பூச்சியெல்லாம் இழுத்துகினு பூடுச்சு கன்னிமா, நீ நல்லா இருக்கணும்" என்றானாம்.

நாலு பக்கத்திலிருந்தும் இழுக்கும் என்று அவர் சொன்னதில் பொய்யே இல்லை. இழுத்தது. விழுந்தது விழுந்துவிட்டது, விழாதது அங்கேயே உட்கார்ந்து முட்டை வைத்துவிட்டது. எல்லார் வயல் வினையையும் கூப்பிட்டு ஒரு தாலியறுத்தவள் வயலில் உட்காரவைத்தாயிற்று.

அவள் ஒரு கட்டு வெண்கதிரைப் பிடுங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள். மேஜைமேல் வைத்தாள். ஒரு கதிரை எடுத்து விரலால் உருவிக் காட்டினாள். எல்லாம் சாவி, வெறும் உமி.

"எனக்கு மட்டும் ஏன் சார் இப்படி?"

விரல். "தொட்டியில நீ கிருஷ்ணாயில் சரியா ஊத்தல. வெறும் தண்ணில வுழுந்த பூச்சி எழுந்து போயிடும். சிம்பிள்."

"தெனம் ஊத்துனனே சார். நீங்க குடுத்தத அப்படியே ஊத்துனேன்."

"ஊத்தியிருந்தா இப்படி ஆயிருக்காது."

அவள் சண்டை போடவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. கையைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "சார், நான் உங்கள குத்தம் சொல்ல வரல. நிலத்துக்காரரு, பொம்பள கவனிக்கல, அதான் பயிரு போச்சுன்றாரு. நெலத்த எடுத்துக்கப் போறேன்றாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. வெளக்கால ஆச்சோ, வேற எதால ஆச்சோ, எனக்கும் தெரியலன்னு சொன்னாப் போதும். அவரு நம்புவாரு. அடுத்த போகத்துக்கு வுடுவாரு."

ஒரே ஒரு தெரியலை. அவருக்கு அதனால் வேலை போயிருக்காது. சென்னை கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். நான் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, சொல்லித் தொலையேன், சொல்லேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

அவர் கதிரை எடுத்துத் தண்டைப் பிளந்து பார்த்தார். அதற்குள் புழுத் துளை இருந்தது. அந்த நிமிஷம் அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் பண்ணையாள் மகன், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியும்மா" என்றார். "கவனிப்புதான் போறல."

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். சென்னைக்கு அனுப்பிய அறிக்கையில் 'விவசாயியின் கவனக்குறைவு' என்று ஒரு வரி சேர்த்தார். அதை டைப் அடித்தவள் நான்.

அவரைக் கடைசியாக எண்பதுகளில் அரக்கோணம் ஸ்டேஷனில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது, சென்னையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெறப்போகிறார். யாரோ ஒரு கிழவரிடம் திருப்பதி ரயில் எந்த பிளாட்பாரத்தில் வரும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மெய்யான சந்தோஷம். நைனா எப்படி இருக்கார் என்று கேட்டார். கன்னியம்மாவைப்பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கிழவரை நான் சரியான பிளாட்பாரத்துக்கு அனுப்பினேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

அவரைப்பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். மற்றதையும் எழுதவேண்டும்.

கன்னியம்மா வந்துபோன மூன்றாம் நாள் நிலத்துக்காரரான அந்த ஜவுளிக்கடைக்காரர் ஆபீஸுக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. விசாரிக்காமல் முடிவு செய்யக்கூடாது என்று கடையை விட்டுவிட்டு மாடி ஏறி வந்திருந்தார். கன்னியம்மா அவருக்குப் பின்னால், வாசலுக்கு வெளியே நின்றாள். எங்கள் சார் அப்போது வெளியூர் போயிருந்தார். நான் ஒருத்திதான்.

"ஏம்மா, வெளக்கு வெச்ச அன்னைக்கு நீயும் அங்க இருந்தியாமே. இந்தப் பொம்பள, பூச்சியெல்லாம் வெளக்குக்கு வந்து பயிர்மேலயே உக்காந்துச்சுன்னு சொல்லுது. உங்க சார் இவ கவனிக்கலன்றாரு. நீ படிச்ச பொண்ணு, பொய் சொல்லமாட்ட. நீ இன்னா பாத்த? சொல்லு. நீ சொல்றத வெச்சு முடிவு பண்றேன்."

நான் பார்த்திருந்தேன். ஒவ்வொரு தாளிலும் இரண்டு மூன்று உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். அங்கேயே வாய்விட்டும் சொல்லியிருந்தேன். நான் அப்படிச் சொன்னதைக் கன்னியம்மாவும் கேட்டிருந்தாள், அதனால்தான் அவரை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்திருந்தாள். சென்னையிலிருந்து என் வேலை உத்தரவு அந்த வாரம் வரும் என்று இருந்தது. நைனா அன்று காலையிலும் தறியில் உட்காரவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். கன்னியம்மா உடனே போகவில்லை. திட்டுவாள் என்று நினைத்து டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பரவால்லம்மா, உனக்கும் வேல வேணும் இல்ல" என்றாள். தையில் அந்த நிலத்தில் வேறு ஆள் ஏர் ஓட்டினான்.